பழைய காருக்கு போல்ட்: பெங்களூருவில் அளந்து, தரம் பார்த்து வாங்க முழு வழிகாட்டி

அம்பாசடரையோ பத்மினியையோ பிரித்துப்போட்டு ரீஸ்டோர் செய்யக் கிளம்புகிறவர்கள் டின்கரிங், பெயின்ட், எஞ்சின், சீட் என்று எல்லாவற்றுக்கும் பட்ஜெட் போடுவார்கள். போல்ட்டுக்கு யாரும் போடுவதில்லை. "கடையில கிலோ கணக்குல கிடைக்குமே" என்ற எண்ணம்தான் காரணம். கிலோ கணக்கில் கிடைப்பது கதவுக் கொண்டிக்கும் கேட்டுக்கும் மாட்டுகிற எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், அதாவது சாதாரண மென்மையான இரும்பு) போல்ட். ஸ்டீயரிங் ஆர்மிலும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் அதை மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த இடங்களுக்குச் சரியான மரை, சரியான தரம், சரியான நீளம் மூன்றும் ஒரே போல்ட்டில் சேர்ந்து வரவேண்டும். பெங்களூருவில் அது கிடைக்கும். ஆனால் ஒரே கடையில் கிடைக்காது, அளக்காமல் போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது.

பிரிக்கும்போதே தொடங்க வேண்டிய வேலை

போல்ட் தேடும் வேலை கடைக்குப் போகும் நாளில் தொடங்குவதில்லை, முதல் போல்ட்டைக் கழற்றும்போதே தொடங்குகிறது. மெக்கானிக் எல்லாவற்றையும் ஒரே பெயின்ட் டப்பாவில் கொட்டிவிட்டால் பாதி விவரம் அங்கேயே போய்விடும். வாட்டர் பம்ப், டைமிங் கவர், கியர்பாக்ஸ் பெல் ஹவுசிங் ஆகிய இடங்களில் ஒரே விட்டத்தில் இரண்டு மூன்று நீளங்கள் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால் நீளமானது பிளாக்கில் அடி தட்டி நிற்கும், அல்லது வாட்டர் ஜாக்கெட்டுக்குள் இறங்கும். குட்டையானது இரண்டு மரையில் மட்டும் பிடித்து, முறுக்கும்போது உரித்துக்கொண்டு வரும்.

எளிய வழி இது: ஒரு அட்டையில் அந்தக் கவரின் வடிவத்தை வரைந்து, போல்ட் இருந்த இடத்திலேயே ஓட்டை போட்டு அந்தந்த போல்ட்டைச் செருகி வையுங்கள். மற்றவற்றை ஜிப் கவரில் போட்டு, மார்க்கரால் "முன் இடது ஷாக், மேல், 2" என்கிற மாதிரி எழுதுங்கள். வாஷரையும் ஷிம்மையும் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு) அதே கவரில் அதே வரிசையில் கம்பியில் கோத்து வைக்கவும். உடைந்த போல்ட்டாக இருந்தாலும் எறியாதீர்கள். தலை முறிந்து பாதி மரையே மிஞ்சினாலும், அதுதான் கடையில் காட்டவேண்டிய சாட்சி.

கழலாத போல்ட்டை ஒரே மூச்சில் திருகுவது வீண். பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இம்மி, பிறகு கழற்றும் பக்கம், இப்படி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நட்டை மட்டும் சூடாக்குங்கள். முறிந்து உள்ளே நின்றுவிட்ட ஸ்டட்டின் (தலையில்லாத மரைத் தண்டு) மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்து திருகினால் பெரும்பாலும் வந்துவிடும், ஏனென்றால் அந்தச் சூடே துருவை விடுவிக்கிறது. பெட்ரோல் டாங்க், பிரேக் ஹோஸ் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம்.

எந்தக் காருக்கு எந்த மரை

இந்தியாவில் ரீஸ்டோர் செய்யப்படும் கார்கள் பெரும்பாலும் மூன்று வம்சம்.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரீஸ் 3-இலிருந்து வந்த அம்பாசடரும், டிரயம்ஃப் ஹெரால்டிலிருந்து வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் பிரிட்டிஷ் வம்சம். 1950-களில் பிரிட்டிஷ் கார்கள் யுனிஃபைட் மரைக்கு மாறியதால் இவற்றில் பெரும்பாலும் யு.என்.எஃப். (யுனிஃபைட்டின் நைஸ் மரை) இருக்கும். வார்ப்பிரும்பில் இறங்கும் சில ஸ்டட்களின் ஒரு முனையில் யு.என்.சி. (யுனிஃபைட்டின் கரடு மரை) இருக்கலாம். ஆனால் அதே காரில் எஸ்.யு. கார்புரேட்டரிலும் லூகாஸ் மின்சாமான்களிலும் பி.ஏ. (சிறு திருகுகளுக்கான பழைய பிரிட்டிஷ் மரை) திருகுகள் எட்டிப்பார்க்கும். 1990-களில் இசுசு 1800 எஞ்சினோடு வந்த அம்பாசடரில் பாடி பழைய இஞ்ச் கணக்கிலும் எஞ்சின் மெட்ரிக்கிலும் இருக்கும்.

ஃபியட் 1100 வழி வந்த பத்மினி முழுக்க மெட்ரிக். வாங்குவது எளிது, ஆனாலும் எம்10 (10 மி.மீ. விட்டம்) என்றவுடன் 1.5 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, மி.மீ. கணக்கில்) என்று முடிவு கட்டிவிடக்கூடாது. இத்தாலியர்களுக்கு நைஸ் பிட்ச் மேல் பிரியம், 1.25-உம் 1.0-உம் வரும்.

மூன்றாவது, மஹிந்திரா தயாரித்த வில்லிஸ் ஜீப். இது அமெரிக்க யு.என்.எஃப்., யு.என்.சி. கணக்கு. பியூஜோ டீசல் ஏற்றிய ஜீப்பில் எஞ்சின் மட்டும் மெட்ரிக். பழைய வில்லிஸில் இடது பக்க வீல் ஸ்டட்களுக்கு இடது மரை. ஸ்டட் முனையில் 'எல்' குறி இருக்கிறதா என்று பார்க்காமல் நாலடி பைப் போட்டு மிதித்தால், கழற்றுவதாக நினைத்து இறுக்கி முறிப்பீர்கள்.

இவற்றுக்கும் முந்தைய மோரிஸ் எட்டு, எம்.ஜி. டி வகை கார்களைக் கையில் எடுத்தவர்களுக்குத் தனிச் சோதனை. அந்த நஃபீல்ட் (மோரிஸ், எம்.ஜி. இரண்டின் தாய் நிறுவனம்) எஞ்சின்களில் மரை மெட்ரிக், தலை வித்வொர்த் (பழைய பிரிட்டிஷ் இஞ்ச் அளவு). கடையில் அந்தக் கலவை கிடைக்காது. பழையதைக் காப்பாற்றுவது, இல்லையென்றால் லேத்தில் செய்துகொள்வது, இரண்டே வழி.

அறுபது வருடத்தில் எத்தனை கை மாறியிருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். கார் எந்த வம்சமாக இருந்தாலும், ரோட்டோர மெக்கானிக் எதைப் பெரிதாக்கி எந்த மரை போட்டான் என்பது அளந்தால்தான் தெரியும்.

அளப்பது எப்படி

தேவையானவை: 0.02 மி.மீ. காட்டும் வெர்னியர் காலிப்பர், மெட்ரிக்குக்கு ஒன்றும் இஞ்ச்சுக்கு ஒன்றும் (55 டிகிரி, 60 டிகிரி இரண்டும்) பிட்ச் கேஜ், ஒரு வயர் பிரஷ். மூன்றும் பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டிலேயே கிடைக்கும்.

முதலில் மரையைச் சுத்தமாகத் தேய்த்து, தேயாத பகுதியில் வெளிவிட்டத்தை அளக்கவும். போல்ட் எப்போதும் பெயரளவைவிடச் சற்று மெலிந்திருக்கும். 5/16 போல்ட் 7.8 முதல் 7.9 மி.மீ. வரை காட்டும், எம்8 கிட்டத்தட்ட அதே அளவு காட்டும். ஆகவே விட்டத்தை மட்டும் நம்பக்கூடாது. அடுத்து பத்து மரையின் நீளத்தை அளக்கவும். யு.என்.எஃப். 5/16-க்கும் 3/8-க்கும் இஞ்சுக்கு 24 மரை, எனவே பத்து மரை 10.58 மி.மீ. வரும். கால் இஞ்ச் யு.என்.எஃப். 28 மரை, பத்துக்கு 9.07. கால் இஞ்ச் பி.எஸ்.எஃப். (வித்வொர்த்தின் நைஸ் மரை) 26 மரை, பத்துக்கு 9.77. எம்8 என்றால் பத்துக்கு 12.5.

பிறகு பிட்ச் கேஜை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல்லுக்கும் மரைக்கும் நடுவே வெளிச்சம் கசியக்கூடாது. யு.என்.எஃப்.-க்கும் மெட்ரிக்குக்கும் கோணம் 60 டிகிரி, வித்வொர்த்துக்கும் பி.எஸ்.எஃப்.-க்கும் 55 டிகிரி, பி.ஏ.வுக்கு 47.5 டிகிரி. பிட்ச் ஒத்துப்போய் கோணம் மாறினால் பல்லின் அடியிலோ நுனியிலோ மெல்லிய வெளிச்சக் கோடு தெரியும்.

தலை அளவும் ஒரு துப்பு. கால் இஞ்ச் யுனிஃபைட் போல்ட்டுக்கு 7/16 ஸ்பேனர், 5/16-க்கு அரை இஞ்ச், 3/8-க்கு 9/16, அரை இஞ்ச் போல்ட்டுக்கு 3/4. பிரிட்டிஷ் கார்களில் தலையின் மேல் வட்டமான பள்ளமோ, சங்கிலிபோல் கோத்த வட்டங்களோ பொறித்திருந்தால் அது யுனிஃபைட் மரை. ஷெட்டில் அரை இஞ்ச் ஸ்பேனர் இல்லையென்று 13-ஐப் போட்டுத் திருகும் பழக்கம்தான் பாதி தலைகள் உருண்டு கிடப்பதற்குக் காரணம்.

கடைசியாக நீளம். சாதாரண போல்ட்டுக்குத் தலையின் அடியிலிருந்து அளக்கவேண்டும். கவுன்ட்டர்சங்க் (தலை பரப்போடு பதியும்) திருகுக்கு மட்டும் தலையையும் சேர்த்து. மரை இல்லாத வழவழப்பான தண்டின் நீளத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்குக் காரணம் கீழே வருகிறது.

ஏமாற்றும் ஜோடிகள்

போல்ட்டே ஏறாவிட்டால் பிரச்சினையே இல்லை. பாதி ஏறுவதும், ஆட்டத்தோடு முழுக்க ஏறுவதும்தான் ஆபத்து.

பிரேக் பைப் யூனியனை (பைப் முனையை இணைக்கும் மரை நட்) முதலில் சொல்லவேண்டும். பிரிட்டிஷ் வம்சத்தில் இது 3/8 யு.என்.எஃப்., மெட்ரிக் கார்களில் எம்10×1.0. 3/8 என்பது 9.53 மி.மீ., பிட்ச் 1.058. அந்த ஆண் மரை எம்10×1.0 துளைக்குள் சத்தமில்லாமல் இறங்கும், கொஞ்சம் இறுகவும் செய்யும். பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது மரை உரிந்து பைப் வெளியே வரலாம். வேறு காரின் வீல் சிலிண்டரைப் பொருத்தும்போது இதைத்தான் முதலில் அளக்கவேண்டும்.

அடுத்தது வீல் நட். மாருதியின் வீல் ஸ்டட் எம்12×1.25. ஜீப்பின் வீல் நட் அரை இஞ்ச் யு.என்.எஃப்., அதாவது 12.7 மி.மீ., பிட்ச் 1.27. டயர் கடையில் கிடைத்த ஸ்டட்டை ஹப்பில் அடித்துவிட்டு பழைய நட்டை மாட்டினால், பிட்ச் வித்தியாசம் வெறும் 0.02 மி.மீ. என்பதால் கையாலேயே கடைசிவரை ஓடும். பல்லோ நுனியை மட்டும்தான் பிடித்திருக்கும். நட்டைப் பாதி ஏற்றி பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அது உங்கள் நட் இல்லை.

பாடியில் வெல்டு செய்த 5/16 யு.என்.எஃப். நட்டுக்குள் எம்8×1.25-ஐ இம்பாக்ட் கன் வைத்து ஏற்றுவது ஷெட்டுகளில் தினசரி நடப்பது. ஒரு சுற்று ஏறும், பிறகு நட்டின் மரையைத் தின்றுகொண்டே போகும். கையால் குறைந்தது மூன்று சுற்று ஏறாத எதையும் ஸ்பேனரால் தொடாதீர்கள்.

வித்வொர்த்தும் யு.என்.சி.யும் இன்னொரு ஜோடி. கால், 5/16, 3/8 இஞ்ச்களில் இரண்டுக்கும் இஞ்சுக்கு ஒரே எண்ணிக்கை: 20, 18, 16. கோணம் மட்டும் வேறு. அரை இஞ்சில் வித்வொர்த்துக்கு 12, யு.என்.சி.க்கு 13. நம் ஹார்டுவேர் கடைகளில் "இஞ்ச் போல்ட்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் வித்வொர்த் எம்.எஸ். போல்ட்தான்.

தரம்: தலையைப் படியுங்கள்

மெட்ரிக் போல்ட்டில் 8.8 என்றால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல், அதில் 80 சதவீதமான 640-இல் நிரந்தரமாக நீளத் தொடங்கும். 10.9 என்றால் 1000, 900. சாதாரண எம்.எஸ். போல்ட் 4.6, அதாவது 400, 240. அமெரிக்க முறையில் தலையில் மூன்று கோடு கிரேடு 5, ஏறத்தாழ 8.8-க்குச் சமம். ஆறு கோடு கிரேடு 8, ஏறத்தாழ 10.9-க்குச் சமம். பழைய பிரிட்டிஷ் போல்ட்டில் 'எஸ்' என்ற எழுத்து இருந்தால் 8.8-க்குக் கொஞ்சம் கீழே என்று வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் இதற்கான தரநிலை ஐ.எஸ். 1367. ஹெச்.டி. (ஹை டென்சைல், இழுவலிமை கூடிய) போல்ட்டின் தலையில் தரக் குறியோடு தயாரிப்பாளரின் குறியும் இருக்கவேண்டும். வெறும் 8.8 மட்டும் இருந்து கம்பெனிக் குறி இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். டிவிஎஸ், அன்பிராகோ குறிகள் பெங்களூருக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன.

எங்கே எது? சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், எஞ்சின் மவுன்ட், பிரேக் பேக் பிளேட், சீட் ஆகியவற்றுக்கு 8.8 அல்லது கிரேடு 5. புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஃப்ளைவீல், கிரௌன் வீல் போல்ட்களுக்கு அந்தக் காருக்கான அசல் போல்ட் அல்லது 10.9. கனெக்டிங் ராட் போல்ட்டையும் ஹெட் ஸ்டட்டையும் பொதுக் கடையில் வாங்கவே கூடாது. மட்கார்டு, பேட்டரி டிரே, நம்பர் பிளேட்டுக்கு 4.6 போதும். அங்கே 12.9 போடுவது வீண் செலவு.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பளபளப்பு பலரை மயக்குகிறது. சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 எஸ்.எஸ். போல்ட்டின் இழுவலிமை 700, ஆனால் 450-லேயே நீளத் தொடங்கிவிடும். தவிர, எஸ்.எஸ்.-மேல் எஸ்.எஸ். நட் முறுக்கினால் பாதி வழியில் ஒட்டிக்கொண்டு முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. டிரிம், விளக்கு, பம்பர் பட்டைக்குச் சரி, ஆன்டிசீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பேஸ்ட்) தடவி மாட்டவும். சஸ்பென்ஷனுக்கு வேண்டாம்.

சீட் பெல்ட் புதிதாகப் போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சீட் பெல்ட் ஆங்கர் போல்ட் மெட்ரிக் கார்களில்கூட 7/16 யு.என்.எஃப்.தான், இஞ்சுக்கு 20 மரை. பத்மினியில் எம்10 போட்டு ஒப்பேற்றாதீர்கள். தரையில் வெறும் தகட்டில் ஓட்டை போட்டு மாட்டுவதும் பயனில்லை. பின்னால் மூன்று மி.மீ. தகடு வைத்து வெல்டு செய்த நட் வேண்டும்.

இப்போது தண்டின் நீளம். ஷாக்கிள், ரேடியஸ் ஆர்ம் போன்ற இடங்களில் இரு தகடுகள் போல்ட்டைக் கத்தரிபோல் வெட்டப் பார்க்கும். வெட்டுகிற அந்தக் கோட்டில் வழவழப்பான தண்டுதான் இருக்கவேண்டும், மரை இருக்கக்கூடாது. மரை உட்கார்ந்தால் இரண்டு கேடு: குறுக்கு வெட்டு மெலிவதால் வலிமை குறையும், பல் ஓட்டையை ராவி அகலப்படுத்தும். சில மாதத்தில் "கடக்" சத்தம் வரும். ஆகவே ஹாஃப் த்ரெட் (தண்டில் ஒரு பகுதிக்கு மட்டும் மரை உள்ள) போல்ட்டை சற்று நீளமாக வாங்கி, மிஞ்சிய மரையை ஹாக்சாவால் அறுத்து, இரண்டு மூன்று மரை மட்டும் நட்டுக்கு வெளியே விடுங்கள். கேஸ் கட்டரால் அறுத்தால் அந்தச் சூட்டிலேயே ஹெச்.டி. குணம் போய்விடும்.

எங்கே வாங்குவது

காருக்கென்றே செய்த போல்ட்களுக்கு, அதாவது வீல் ஸ்டட், யூ போல்ட், கட்டை ஸ்பிரிங் சென்டர் போல்ட், ஷாக்கிள் பின் ஆகியவற்றுக்கு ஜே.சி. ரோடும் கலாசிபாளையமும். அம்பாசடர், ஜீப் சாமான் வைத்திருக்கும் பழைய கடைகள் இன்னும் உண்டு, முதலாளிக்கு வயதானால் சாமானும் நன்றாக இருக்கும். மெட்ரிக் ஹெச்.டி., அலன் போல்ட், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது), மரை வெட்டும் டேப், டை ஆகியவற்றுக்கு எஸ்.ஜே.பி. ரோடு. அசல் போல்ட்டே வேண்டும் என்றால் சிவாஜிநகர் குஜரி (பழைய சாமான் சந்தை). அங்கே பழைய காரிலிருந்து கழற்றிய போல்ட் குவியலில் கிடக்கும். மட்கார்டு போல்ட், அலங்காரத் திருகு, கேஜ் நட்டுக்கு அது பொக்கிஷம். ஸ்டீயரிங், பிரேக் போல்ட்டை அந்தக் குவியலில் பொறுக்காதீர்கள். எவ்வளவு நீண்டு தளர்ந்தது என்று பார்வையில் தெரியாது.

யு.என்.எஃப். ஹெச்.டி. கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் டிராக்டர் உதிரிபாகக் கடையை எட்டிப் பார்ப்பதில்லை. மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களில் யு.என்.எஃப்., யு.என்.சி. போல்ட்கள் ஏராளம். நல்ல தரத்தில் அங்கே கிடைக்கும். ஓசூர், கோலார் பக்கம் போகிறபோது அளவுப் பட்டியலைக் கையோடு கொண்டுபோகலாம். பி.எஸ்.எஃப்., பி.ஏ. மட்டும் இங்கிலாந்திலிருந்து வரவழைப்பது லாபம். ஆனால் போல்ட்டைவிட கூரியரும் சுங்க வரியும் அதிகமாகும். முழுப் பட்டியலும் தயாரான பிறகு ஒரே பார்சலாகப் போடுங்கள்.

கடையில் எப்படிக் கேட்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. கவுன்ட்டரில் இஞ்சைவிட நூல் கணக்குதான் ஓடும். ஒரு நூல் 1/8 இஞ்ச், ஆகவே 3/8 மூணு நூல், 5/16 ரெண்டரை நூல். ஹிந்தி பேசும் கடையில் அதையே சூத் என்பார்கள். அளவை மட்டும் சொன்னால் வித்வொர்த் வந்து விழும். முழுசாகச் சொல்லுங்கள்:

"அண்ணா, ரெண்டரை நூல், யு.என்.எஃப்., இருபத்துநாலு மரை, ஹெச்.டி., ஒண்ணேகால் இஞ்ச், ஹாஃப் த்ரெட். கம்பெனி மார்க் இருக்கணும்."

"நைஸ் மரையா? எத்தனை பீஸ்?"

இந்தக் கேள்வி திரும்பி வந்தால் சரியான கடைக்கு வந்திருக்கிறீர்கள். பழைய நட் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்து, ஒவ்வொரு போல்ட்டிலும் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். அம்பாசடருக்குத் தொடக்கச் சரக்காக கால் இஞ்ச் யு.என்.எஃப். முக்கால், ஒரு இஞ்ச் நீளங்களில் ஐம்பது ஐம்பது, 5/16-இல் முக்கால், ஒன்று, ஒன்றேகால் நீளங்களில் ஐம்பது ஐம்பது, 3/8-இல் தேவையானதை எண்ணி அதோடு நாலைந்து கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம்.

சந்தேகம் வந்தால் ஒன்றைப் பலி கொடுங்கள்

ஐம்பது வாங்கினால் ஒன்றை முறிப்பதில் நஷ்டமில்லை. எம்8 8.8 என்று சொல்லி வாங்கியதை எடுத்துக்கொள்ளுங்கள். முழு நீளத்தை வெர்னியரில் அளந்து எழுதவும். கனமான இரும்புப் பட்டைகளில் துளையிட்டு அடுக்கி, போல்ட்டைச் செருகி, வைஸில் பிடித்து, டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளக்கும் ஸ்பேனர்) 25 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கவும். நல்ல 8.8 கெட்டியாக நின்று "கிளிக்" கொடுக்கும். கழற்றி அளந்தால் நீளம் மாறியிருக்காது, நட் கையால் சுழன்று வெளியே வரும். எம்.எஸ். போல்ட்டில் 8.8 என்று அச்சடித்திருந்தால் கிளிக் வருவதற்குள் ரெஞ்ச் மிட்டாய் இழுப்பதுபோல் வழுவழுவென்று சுற்றும். கழற்றினால் நட்டுக்கு அருகில் மரை இடைவெளி கூடி, இடுப்பு மெலிந்திருக்கும். அந்தப் பாக்கெட்டையே கடைக்குக் கொண்டுபோங்கள்.

பழையதற்கே ஜிங்க் பிளேட்டிங்

அசல் தோற்றம் வேண்டும் என்கிறவர்களுக்கு நல்ல வழி, பழைய போல்ட்டுக்கே பிளேட்டிங் போடுவது. தலையில் இருக்கும் அந்தக் காலக் குறிகள் கடையில் கிடைக்காது. பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் ஜிங்க் (துத்தநாகம்) பிளேட்டிங் பட்டறைகள் நிறைய. சிறு சாமான்களை பேரலில் போட்டுச் சுழற்றுவார்கள், கூலி கிலோவுக்கு.

கொடுப்பதற்கு முன் செய்யவேண்டியது உங்கள் கையில். மரை தேய்ந்தது, கழுத்தில் துரு தின்றது, தலை உருண்டது, நீண்டது எல்லாவற்றையும் முதலில் கழித்துக்கட்டுங்கள், பிளேட்டிங் எதையும் குணமாக்காது. கிரீஸையும் பெயின்ட்டையும் முழுக்க எடுத்து, வயர் வீலில் இரும்பு வெளுக்கும்வரை தேய்க்கவும். துருவோடு கொடுத்தால் பட்டறையில் ஆசிடில் நெடுநேரம் ஊறவைப்பார்கள், மரை கூர்மை இழக்கும். எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணியில் பரப்பிப் படம் எடுத்து, எண்ணி, எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தவர் வேலையோடு கலப்பதும் காணாமல் போவதும் அங்கே சகஜம். அரிய போல்ட்களைக் கம்பியில் கட்டித் தனியாகக் கொடுக்கவும்.

தடிமன் 5 முதல் 8 மைக்ரான் போதும். கூடுதலாகக் கேட்காதீர்கள்: மரையின் இரு சரிவிலும் படிவதால் 8 மைக்ரான் பூச்சே மரையின் நடு விட்டத்தை 32 மைக்ரான் பெருக்கிவிடும், அதற்கு மேல் போனால் நட் ஏறாது. நிறத்துக்கு, வெள்ளி நிறமோ மஞ்சளோ எதுவாக இருந்தாலும் டிரைவேலன்ட் பாசிவேஷன் (ஜிங்க்குக்கு மேல் போடும் பாதுகாப்புப் படலம்) என்று கேளுங்கள். பழைய காட்மியம் பூச்சின் மங்கிய வெள்ளி நிறத்துக்கு வெள்ளி ஜிங்க்கே கிட்டத்தட்ட வரும். காட்மியம் நச்சு, பழைய போல்ட்டை வயர் வீலில் தேய்க்கும்போதும் மாஸ்க் அவசியம்.

10.9-உம் அதற்கு மேலும், ஸ்பிரிங் வாஷர், சர்க்ளிப் ஆகியவற்றைச் சாதாரண பிளேட்டிங்குக்குத் தராதீர்கள். ஆசிடிலும் பிளேட்டிங்கிலும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகும். கடினமான இரும்பு அதனால் நொறுங்கும் குணம் பெற்று, இறுக்கி வைத்த மறுநாளோ மறுவாரமோ தலை தானாகவே தெறிக்கும். போட்டே ஆகவேண்டும் என்றால் பூசிய சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி அடுப்பில் குறைந்தது நாலு மணி நேரம் வைக்கவேண்டும். அந்த வசதி உள்ள பட்டறையா என்று முன்பே கேளுங்கள்.

மாட்டும்போது

பாடியில் வெல்டு செய்த நட்களில் பெயின்ட்டும் அண்டர்கோட்டிங்கும் அடைத்திருக்கும். சரியான டேப்பை எண்ணெய் விட்டுக் கையால் ஓட்டிச் சுத்தம் செய்யுங்கள். 5/16 யு.என்.எஃப்.-க்கு எம்8 டேப்பைத் திணிக்கவேண்டாம். மரை போய்விட்டிருந்தால் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே இறக்கும் கம்பிச் சுருள்). பத்மினியின் அலுமினிய ஹெட்டில் இது அடிக்கடி வரும் வேலை. எம்8×1.25 ஹெலிகாயிலுக்கு 8.3 மி.மீ. டிரில், பிறகு அதற்கே உரிய டேப். அலுமினியத்தில் போல்ட் விட்டத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு ஆழம் இறங்கவேண்டும், இரும்பில் ஒரு மடங்கு போதும்.

நைலாக் நட்டை ஒருமுறைக்கு மேல் நம்பக்கூடாது. நைலான் 120 டிகிரியோடு சரி, எனவே எக்ஸாஸ்ட் பக்கம் வேண்டவே வேண்டாம். மானிஃபோல்டுக்கு இரும்பு ஸ்டட்டில் பித்தளை நட் போடுங்கள், பத்து வருடம் கழித்தும் ஸ்டட் முறியாமல் கழலும். காசில் நட்டில் (பின் போடக் காடி வெட்டிய நட்) ஸ்பிளிட் பின் ஓட்டை நேர் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்கவேண்டும், தளர்த்தக்கூடாது. வீல் பேரிங் நட் மட்டும் விதிவிலக்கு, அதைத் தளர்த்தித்தான் பின் போடவேண்டும். ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது.

டார்க் அளவுக்கு அந்தக் காரின் வொர்க்ஷாப் மேனுவல்தான் முதல். அதில் இல்லாத சில்லறை இடங்களுக்கு, உலர்ந்த மரையில் எம்8 8.8-க்கு 25 நியூட்டன் மீட்டர், எம்10-க்கு 49, 5/16 யு.என்.எஃப். கிரேடு 5-க்கு 25, 3/8-க்கு 47 என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெயோ ஆன்டிசீஸோ தடவியிருந்தால் கால்பங்கு குறைக்கவும். அப்படிக் குறைக்காமல் முறுக்கியே பலர் நல்ல போல்ட்டை நீட்டிவிடுகிறார்கள்.

ரப்பர் புஷ் வழியே போகும் சஸ்பென்ஷன் போல்ட்களை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்காதீர்கள். சக்கரம் தரையில் நின்று முழு எடையும் ஏறிய பிறகே இறுக்கவேண்டும், இல்லையென்றால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். புதுப் பெயின்ட்டின் மேல் உட்கார்ந்த போல்ட்கள், பெயின்ட் நசுங்க நசுங்கத் தளரும். யூ போல்ட், வீல் நட், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட் மூன்றையும் முதல் 100 கிலோமீட்டரிலும், பிறகு 500 கிலோமீட்டரிலும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பார்த்து, இறுகியதும் போல்ட் தலைக்கும் பாடிக்கும் குறுக்கே பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் அசைந்திருக்கிறது.